சோறு குறைந்தது, எடை குறையவில்லை

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை எனக்கு. காலை ஷிப்ட் பிற்பகல் மூன்று மணிக்கு முடியும். அதற்குள் வெயிலும் டீசல் புகையும் லோரிக்காரர்களின் கூச்சலும் ஆளைப் பிழிந்துவிடும். நேரே வீட்டுக்குப் போக மனம் வராது. நானும் கிடங்கு நண்பர்கள் இருவரும் பக்கத்துச் சீனர் காப்பிக்கடையில் உட்காருவோம். ஆளுக்கு இரண்டு பெரிய பாட்டில் பீர். நான் அதைக் குடி என்று நினைத்ததே இல்லை.

போன வருடம் கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் என் எடை தொண்ணூற்றாறு கிலோ. ரத்த அழுத்தமும் அதிகம். எடையைக் குறைக்காவிட்டால் மாத்திரைதான் என்றார் டாக்டர். வீட்டில் சொன்னேன். அன்றிரவே மனைவி அரிசியைப் பாதியாக்கிவிட்டாள்.

"நீங்க கொஞ்சமா சாப்பிடுறப்ப நான் மட்டும் முன்னால உக்காந்து நெறைய சாப்பிட முடியுமா? எனக்கும் அதே அளவுதான்."

இருவருக்கும் ஒரு கை சோறு, கீரை, ஒரு துண்டு மீன். காலையில் நான் சாப்பிடும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் நின்றது. ஆறு மாதம் இப்படியே ஓடியது. எனக்கு ஒரு கிலோகூட இறங்கவில்லை. அவளுக்கு ஏழு கிலோ இறங்கியது. அவளிடம் இறங்குவதற்கு எடையே இல்லை. ஒருநாள் காலை துணி காயப்போடும்போது தலைசுற்றி, வாளியைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கிள்ளானில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். ரத்தமெல்லாம் சோதித்துவிட்டு, உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள். சின்ன வயதுத் தமிழ்ப் பெண். மனைவி சாப்பிடுவதையெல்லாம் எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆன்டிக்கு இது பத்தவே பத்தாது. அங்கிளும் இதேதான் சாப்பிடுறீங்களா? அப்புறம் ஏன் எறங்கல?"

"தெரியல லா. என் பாடி அப்படி."

"என்ன குடிப்பீங்க?"

"தண்ணி. சீனி போடாத டீ."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"தினம் ரெண்டு பெரிய பாட்டில் பீர்."

அந்தப் பெண் திட்டவில்லை. "ஒரு பெரிய பாட்டில் கிட்டத்தட்ட ஒரு தட்டு சோறு மாதிரி, அங்கிள். வயித்துக்குத் தெரியாது, ஆனா கலோரி உள்ள போயிடும். ஒடம்பு மொதல்ல அந்த ஆல்கஹாலத்தான் எரிக்கும், கொழுப்பு அப்படியே கெடக்கும். கூட எதாச்சும் சாப்பிடுவீங்களா?"

"பொரிச்ச கோழி," என்றேன்.

காரில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

"இத்தன நாள் ஏன் ஒண்ணும் கேக்கல?" என்றேன்.

"கேட்டா சண்டை வரும். சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. சோத்தக் கொறைக்கிறது அதவிட லேசா இருந்துச்சு."

சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். பச்சை விழுந்ததும் காரை எடுத்தேன்.

மறுநாள் நண்பர்களிடம், "இன்னிக்கு நான் வரல," என்றேன். அதற்கு அடுத்த நாளும் அதையே சொன்னேன். பிறகு அவர்கள் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். இப்போது சனிக்கிழமை ஒரு பாட்டில். சில வாரம் இரண்டாகிவிடுகிறது. நான்கு கிலோ இறங்கியிருக்கிறது. மனைவி பழையபடி சாப்பிடுகிறாள். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. நான் நாலு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறேன். அந்த நேரத்தில் இருவரும் என்ன பேசுவது என்று இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம்.