பன்னிரண்டு எலிகளும் ஒரு நாள் லீவும்

தான் ஒரு சொடக்குப் போட்டால் அடையாற்றில் இருக்கிற எலியெல்லாம் வரிசையில் வந்து நிற்கும் என்பாள் தேவானை. கேட்டவர் வாயைப் பிளந்தால், "எல்லாம் இல்ல நைனா, பாலம் வரைக்கும்தான். கொஞ்சம் சேத்து வுட்டேன்" என்று அவளே இறங்கி வந்துவிடுவாள்.

நிஜமாக அவள் கைக்கு அடங்கியவை கல்லூரி உளவியல் துறையின் வெள்ளெலிகள். ஜன்னல் இல்லாத பின்கட்டு அறையில் கூண்டுக்கு உமி மாற்றி, தண்ணீர்ப் புட்டி கழுவி, தீவனம் வைத்தே பதினோரு வருஷம் ஓடிவிட்டது. ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து நடந்து வந்த காலம் போய், இப்போது ஊருக்கு வெளியே அரசு ஒதுக்கிய அடுக்குமாடியிலிருந்து இரண்டு பஸ்.

பராமரிப்பு வேலையை ஏதோ கான்ட்ராக்ட் கம்பெனிக்குத் தரப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட வாரம், மாணவி சாருலதா தன் ஆராய்ச்சிக்கு எலி தேர்ந்தெடுக்க வந்தாள். புதிர்ப்பாதையில் எலி எப்படி வழி கற்கிறது என்று பார்க்க வேண்டுமாம். கூடவே துறைத்தலைவி நீரஜா. தேவானை ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏற்றிப் பார்த்தாள். மிரண்டு கடிப்பதை ஒதுக்கினாள், தூங்குமூஞ்சியை ஒதுக்கினாள். பன்னிரண்டு தேறியது. அந்தச் சூட்டோடு ஒரு கதையை அவிழ்த்துவிட்டாள்.

"என் கையால வெச்சாதான் மேடம் துன்னும். வேற ஆளு வெச்சா பட்டினிதான்."

கம்பெனிக்காரனை விரட்டச் சொன்ன பொய் அது. நீரஜாவோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திட்ட நோட்டில் எழுதிவிட்டார்: ஆராய்ச்சி நடக்கும் நாற்பது நாளும் பராமரிப்பாளர் மாறக் கூடாது. கம்பெனிப் பேச்சு அடங்கியது. அதோடு தேவானையின் ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று.

இருபத்தாறாம் நாள், புதன்கிழமை, மகள் நிஷாவுக்கு வேலூரில் வளைகாப்பு. முதல் வளையலை அம்மாதான் போட வேண்டும்.

"இன்னாம்மா, வருவியா மாட்டியா?" என்றாள் நிஷா போனில்.

"எலிய இன்னா பண்ணச் சொல்ற?"

"பெத்த பொண்ணவிட எலி பெரிசா கீதா ஒனக்கு?"

போன் வைக்கப்பட்டது. தேவானை கூண்டின் முன் உட்கார்ந்தாள். உள்ளே ஒரு எலி சுவரோரமாகவே ஓடி, மூலையில் மோதித் திரும்பி, மறுபடி ஓடியது. பொய் என்று ஒப்புக்கொண்டால் வேலை போகும். வாய் திறக்காவிட்டால் மகள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை காலை நீரஜாவின் அறையில் போய் நின்றாள். சாருலதாவும் அங்கே நோட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், அன்னிக்கு சொன்னது டூப்பு. வேலை பூடுமேன்னு பயந்துக்கினு சொல்லிட்டேன். யாரு வெச்சாலும் துன்னும். நாளைக்கு ஒரு நாள் வுட்டுடுங்க."

நீரஜா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபமா சிரிப்பா தெரியவில்லை. "இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன? வேலைக்கு ஒண்ணும் ஆகாது, போ" என்று லீவுக் கடிதத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார். இருபத்தைந்து நாளில் அன்றுதான் தேவானை மூச்சை முழுசாக விட்டாள்.

சாருலதா நல்ல பெண். தேவானையை யாரும் பொய்க்காரி என்று நினைத்துவிடக் கூடாதே என்று அவளுக்குப் பட்டது.

"ஒரு சின்ன திருத்தம் மேடம். யார் வெச்சாலும் இல்ல. எட்டாம் நாள் அவங்க பஸ் லேட்டு, நான்தான் தீவனம் வெச்சேன். நாலுதான் சாப்பிட்டுது. மத்த எட்டும் அவங்க வர வரைக்கும் கதவையே பாத்துண்டு இருந்துது. நோட்டுல எழுதியிருக்கேன், பாருங்கோ."

நீரஜாவின் பேனா கையெழுத்துப் போடாமல் நின்றது.