கிளாஸில் இல்லாத புகை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மனிதரின் உயிர் போகப் பார்த்தது. அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மாடியில் உட்கார்ந்து, அந்தப் புகையை மோந்து பார்த்து, ‘பிரமாதம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

நண்பன் ஜான்சனின் வீடு இருங்காட்டுக்கோட்டையில். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி மேனேஜர். மாடியில் குடும்பம், கீழே வரிசையாக ரூம் கட்டி, கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். இந்தப் பக்கம் சொந்த வீடு வைத்திருக்கும் பாதிப் பேர் செய்வதுதான்.

வெளிநாடு போய்வந்தவன் ஒரு சிங்கிள் மால்ட் பாட்டில் கொண்டுவந்திருந்தான். மனைவி எஸ்தர் சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டான்.

இளசான விஸ்கி — மூன்று வயசுதான். பீப்பாயிலிருந்து எடுத்து, தண்ணீர் கலக்காமல் அடைத்தது. சாதாரண விஸ்கியைவிடக் காட்டம் ரொம்ப அதிகம். பார்லியைக் காயவைக்கும்போது, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த பீட் என்ற மக்கிய மண்ணை எரித்துக் கொஞ்சம் புகை காட்டுவார்களாம். ‘லேசான புகை’ என்று லேபிளிலேயே போட்டிருந்தது.

“அவசரப்பட்டு குடிச்சிடாத மச்சான். மொதல்ல மூக்கு” என்றான் ஜான்சன்.

மோந்தேன். முதலில் காட்டம் ஏறியது. அப்புறம் பேரிக்காய், கொஞ்சம் வெல்லப்பாகு. அதற்கும் பின்னால்... போகி முடிந்த மறுநாள் தெருவில் மிச்சமிருக்குமே, அந்தப் புகை. ஒரு வாய் வைத்தேன். நாக்கு சுரீரென்றது, நெஞ்சுவரை சூடு இறங்கியது. இள வயசு விஸ்கியின் முரட்டுத்தனம். ஆனால் விழுங்கிய பிறகு உப்பும் சாம்பலுமாக ஒரு ருசி நின்றது. நல்ல விஸ்கிதான். அதை இல்லையென்று சொல்லமாட்டேன்.

“இப்ப ரெண்டு சொட்டு தண்ணி வுடு. வாசன தொறக்கும்.”

விட்டேன். மறுபடி மோந்தேன். புகை கூடியிருந்தது!

“கூடிச்சுடா” என்றேன்.

“உனக்கு சரியான மூக்குடா” என்றான். எனக்கு ஒரே பெருமை. கொஞ்ச நேரத்தில் இன்னும் கூடியது. “லேசான புகைன்னு அடக்கிப் போட்டிருக்கான், உண்மையில தூக்கலா இருக்கு” என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

அப்போது எஸ்தர் வேகமாகப் படியேறி வந்தார்.

“இன்னாங்க இது, பொக நாத்தம்?”

“இதான் பீட்டு, எஸ்தரு. ஸ்காட்லாந்து வாசன.”

“ஸ்காட்லாந்து நம்ம மாடிப்படியிலயா கீது? கீழேர்ந்து வருதுங்க!”

ஓடினோம். கீழே கடைசி ரூம். கதவு இடுக்கில் மெல்லிசாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. வெளியே பூட்டு தொங்கியது.

“நல்லவேளை, பூட்டிக்கீது. ரெண்டு பேரும் டூட்டிக்குப் போய்ட்டாங்க” என்று சொல்லி, மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டு, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட போனை எடுத்தான் ஜான்சன். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. சாமான் போனால் போகட்டும், ஆள் இல்லையே.

எஸ்தர் மட்டும் கதவோரம் குனிந்து பார்த்தார். அங்கே கம்பெனி வேலைக்குப் போட்டுப்போகிற சேஃப்டி ஷூ ஒரு ஜோடி. உள்ளே சுருட்டிச் செருகிய சாக்ஸ்.

“ஷூ இங்க கீதுங்க. ஆளு உள்ளதான் கீறாரு!”

இந்த ரூம்களில் அது ஒரு பழக்கம். நைட் ஷிப்ட் முடித்தவர் தூங்குவார். கூட இருப்பவர் பகலில் வேலைக்குக் கிளம்பும்போது வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுவார். உள்ளே தாழ் போட்டால், திரும்பி வருகிறவர் தட்டித் தட்டி எழுப்பவேண்டும். தாழ் போடாமல் தூங்கினால் போன் காணாமல் போகும். அதனால் பூட்டு. வாடகை வாங்குகிற ஜான்சனுக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நிமிஷம் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

காரிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்துவந்து அவன் அடித்த அடியில் பூட்டு உடையவில்லை, கொண்டியே பெயர்ந்து வந்தது.

உள்ளே எக்ஸ்டென்ஷன் போர்டு உருகிக் கிடந்தது. பக்கத்தில் பஞ்சு மெத்தை, தீயே இல்லாமல் ஓரத்திலிருந்து கனன்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டி, பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார் முருகேசன். தென்காசிக்காரர். இரண்டு பேரும் தோளுக்கடியில் கைகொடுத்து வெளியே இழுத்து வந்தோம். ஆள் அசையவில்லை. எஸ்தர் முகத்தில் தண்ணீர் அடித்து, “முருகேசண்ணா... முருகேசண்ணா...” என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் ஓடிப்போய் மெத்தையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தேன்.

ஒரு இருமல் வந்தது. அப்புறம் தொடர்ந்து இருமல். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன்.

கண்ணைத் திறந்த முருகேசன் ரூமைப் பார்த்தார். “மெத்த எரிஞ்சு போச்சா அண்ணாச்சி? அது சங்கரனோடதுல்லா... வேல முடிஞ்சு வந்தாம்னா அவன் எதுல படுப்பான்?”

ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி ஓட்டியது எஸ்தர். குடித்திருந்த நாங்கள் இருவரும் அதற்குக்கூட உதவவில்லை. ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். இப்போது எல்லா ரூமிலும், வெளியே பூட்டினாலும் உள்ளிருந்து திறக்கிற பூட்டு மாட்டிவிட்டான் ஜான்சன். சங்கரனுக்குப் புது மெத்தையும் வந்துவிட்டது.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. புகை வந்தது. அதற்கு எங்களிடம் ஒரு காரணம் தயாராக, பாட்டிலோடு இருந்தது. அதனால் வேறு காரணம் தேடவில்லை. தினசரி எத்தனை விஷயத்தில் இப்படித்தான் இருக்கிறோமோ?

நேற்று எஸ்தரிடம் போனில் சொன்னேன். “உனக்கு முன்னாடியே நான் மோந்துட்டேம்மா. கூடிக்கிட்டே போகுதுன்னுகூட சொன்னேன்.”

அவர் மெதுவாகச் சொன்னார்:

“உங்க மூக்கு நல்ல மூக்குதாண்ணா. அத்த கிளாஸுலேர்ந்து கொஞ்சம் வெளிய எட்த்திருக்கலாம்.”