இறங்கிய பிறகு சொல்

சரக்குக் கப்பலில் இருபத்திரண்டு பேருக்குச் சமைப்பவன் நான். விடிவதற்கு முன் மாவு பிசைந்து, காலைச் சாப்பாட்டுக்குள் ரொட்டி சுட்டு எடுத்துவிட வேண்டும். கடல் கொந்தளிக்கிறது என்று சமையல்காரன் சாக்குச் சொல்ல முடியாது.

முதல் பயணத்தில் ஒருநாள், மகளுக்குக் காய்ச்சல் விடவே இல்லை என்று மனைவி போனில் அழுதாள். மறுநாள் பூரி பொரிக்கும்போது என் நினைப்பெல்லாம் பெரியநாயக்கன்பாளையத்து வீட்டில் இருந்தது. கப்பல் சாய்ந்ததைக் கவனிக்கவில்லை. கொதிக்கிற எண்ணெய் இடக்கையில் கொட்டிவிட்டது. மகள் இரண்டே நாளில் எழுந்து விளையாடப் போய்விட்டாள். என் கைதான் ஆறுவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த எரிச்சலை மனைவி மேல் காட்டினேன்.

"நான் கப்பல்ல இருக்கற வரைக்கும் ஊட்டு நோவு எதையும் எங்கிட்டச் சொல்லாதே அம்மணி. எறங்கி வந்தப்புறம் சொல்லு."

சரிங்க என்றாள். அதற்குப் பிறகு ஒருமுறைகூட மீறவில்லை. அவளுடைய அப்பா இறந்ததையே நான் ஊருக்கு வந்த பிறகுதான் சொன்னாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எவ்வளவு பக்குவமானவள் என்று மெச்சிக்கொண்டேன், மடையன்.

கடைசிப் பயணம் ஒன்பது மாதம். வீடியோவில் வரமாட்டேன் என்றாள், போன் கீழே விழுந்து கேமரா போய்விட்டதாம். தினமும் ஒரே கேள்விதான்: இன்றைக்கு என்ன சமையல்? ரொட்டிக்கு மாவு எப்படிப் பொங்கும், வேகும்போது என்ன வாசம் வரும் என்று துருவித் துருவிக் கேட்பாள். நானும் அளந்துவிடுவேன். ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் ரொட்டி தின்னும் அதிகாரியைப் பற்றிச் சொன்னால் சிரிப்பாள். இறங்கும்போது எனக்கும் ஒன்று கொண்டு வாங்க என்றாள்.

கொச்சியில் இறங்கும் நாள் காலையில் அவளுக்கென்று தனியாக ஒன்று சுட்டேன். வெள்ளைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். மதுக்கரை தாண்டியதும் போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள். ஸ்டேஷனில் தனியாக நின்றிருந்தவள், என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வழியில்தான் சொன்னாள். நான் கப்பல் ஏறிய மறுவாரமே தெரிந்த புற்றுநோயாம். அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாளாம். என் சமையல் கதையைப் பாதி நாள் அவள் கேட்டது கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதுதானாம். அந்த மருந்து ஏறினால் ஒரு வாய் கஞ்சிகூட நிற்காதாம்.

கட்டிலில் கிடந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலையில் முடியில்லை. ரொட்டியை மூக்கருகே கொண்டுபோனேன். கண்ணை மூடி முகர்ந்தாள், விழுங்க முடியவில்லை. பிறகு என் இடக்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"எறங்கிட்டீங்கல்ல? இனிச் சொல்லலாமுங்களா? வலி தாங்க முடியலீங்க."

சொல்லு அம்மணி என்றேன்.

அதன் பிறகு ஆறு நாள்தான் இருந்தாள். விழித்திருந்த நேரமெல்லாம் சொன்னாள். ஒன்பது மாதத்தைச் சொல்லி முடிக்க அது போதவில்லை.