சூரிய லிஃப்டும் இருபது லிட்டர் கேனும்

சோலார் பேனல் கழுவுகிற தொழிலில் வெயில் ஏறுவதற்குள் நாம் மாடி ஏறிவிட வேண்டும். சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டு விரிசல் விட்டால் யாரும் சூரியனைத் திட்டமாட்டார்கள். படியேறிப் பிழைக்கும் சக ஜீவன்களே, பியுசி (பிளஸ் டூ) லீவில் செல்வி சித்தியோடு நான் வேலைக்குப் போன மைசூர் அபார்ட்மென்ட் ஒன்றின் கதை இது. அங்கே எல்லோரும் பேசியது கன்னடம். குரல் மாறாமல் தமிழில் தருகிறேன். அடுத்தவர் குரலில் பேசுவது ஒன்றுதான் எனக்குக் கைவந்த வித்தை, வினையும் அதனால்தான்.

இலை ஸ்டிக்கர்

போர் தண்ணீரில் கழுவினால் பேனலில் வெள்ளைத் திட்டு படியும். அதனால் ஃபில்டர் தண்ணீர்தான்: இருபது லிட்டர் கேன், நான்கு. கட்டடம் ஐந்து மாடி. லிஃப்ட் கதவில் பச்சை இலை ஸ்டிக்கர், 'சூரியனால் ஓடுகிறது' என்று.

அசோசியேஷன் செகரட்டரி மூக்கால் பேசுகிறவர். கனைக்காமல் வாய் திறக்கமாட்டார். பூமியைக் காப்பாற்றுவது, எல்லோருக்கும் பொதுவான வெளிச்சம் என்று கால் மணி நேரம் பேசினார். சித்தி தலையாட்டிக்கொண்டே லிஃப்ட் பட்டனை அமுக்கினாள்.

“க்ஹும். வேலைக்காரங்களுக்குப் படி இருக்கும்மா. நடந்தா உனக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது.”

நிழல்

மூன்றாவது வாரம் சித்தியின் முழங்கால் பன் மாதிரி வீங்கிவிட்டது. எப்படியோ மேலே போய்ப் புறா எச்சத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து லேஅவுட்டிலிருந்து கட்டடத்தைப் பார்க்க விருந்தாளிகள் வந்தார்கள். லிஃப்டில்தான். மாடித் தோட்டத்துத் தக்காளியைத் தடவித் தடவிப் பாராட்டினார்கள்.

சித்தி வாளியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. தூக்கிவிட யார் கையும் நீளவில்லை. எனக்கு வந்த சூட்டில் தக்காளியெல்லாம் ஒரே நிமிஷத்தில் பழுத்திருக்கும். செகரட்டரி போட்டோ எடுக்கக் குனிந்தார்.

“க்ஹும். கொஞ்சம் தள்ளி உட்காரும்மா. பேனல்ல உன் நிழல் விழுது, கரண்ட் குறையும்.”

இரண்டு செகரட்டரிகள்

படியே ஏறக்கூடாது என்றார் டாக்டர். வேலையை விட்டால் சித்தி வீட்டில் அடுப்பு எரியாது. மொட்டை மாடியில் ஒரு இன்டர்காம் இருந்தது. அடுத்த ஞாயிறு நான் வெறுங்கையோடு மேலே ஓடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேன் சிவண்ணாவைக் கூப்பிட்டேன். “க்ஹும். அந்தப் பேனல் அம்மாவை லிஃப்டில் அனுப்பு.” சித்தி கேன்களோடு மகாராணி மாதிரி வந்து இறங்கினாள்.

இரண்டு ஞாயிறு இப்படி ஓடியது. மூன்றாவது ஞாயிறு நான் கனைத்தபோது, நிஜ செகரட்டரி பால் பாக்கெட்டோடு சிவண்ணாவின் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் தன் குரலையே கேட்டு அவருக்குக் கனைப்பு கூட வரவில்லையாம். பாவம் சிவண்ணா, போனைப் பொத்திக்கொண்டு கேட்டிருக்கிறார்:

“கீழே இருக்கிற சார் சொல்றதைக் கேக்கணுமா, மேலே இருக்கிற சார் சொல்றதைக் கேக்கணுமா?”

கேன்களுக்கு மட்டும்

மன்னிப்புக் கேட்கச் சொன்னார் செகரட்டரி. கேட்டேன், என் சொந்தக் குரலில். பழக்கமில்லாததால் கஷ்டமாக இருந்தது. சித்தி கேட்கவில்லை. லிஃப்ட் வாசலில் ஒரு கேன்மேல் உட்கார்ந்து, “கால் வராதுங்க. பேனலை லிஃப்ட்ல கீழே அனுப்புங்க, கழுவித் தர்றேன்” என்றாள். எங்களைப் போகச் சொல்லிவிட்டார்.

வேறு ஆள் தேடினார். இந்தப் பக்கம் பேனல் கழுவுகிறவர்கள் எல்லோருமே எங்கள் தெருக்காரர்கள், ஒருவரும் போகவில்லை. ரிங் ரோட்டுப் புழுதி பேனலில் மாவாகப் படிந்தது. குடியிருந்தவர்கள் போன் ஆப்பில் பார்க்கப் பார்க்கக் கரண்ட் இறங்கியது. மூன்று வாரத்தில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

போனால், இலை ஸ்டிக்கருக்குக் கீழே புது நோட்டீஸ்: 'தண்ணீர் கேன்கள் லிஃப்டில் செல்லலாம்.' கேன்கள். தூக்குகிறவர்கள் இல்லை. கத்த வேண்டும் போலிருந்தது, யார் குரலில் என்றுதான் தெரியவில்லை. சித்தி கேனை உள்ளே வைத்தாள். பின்னாலேயே தானும் ஏறினாள். செகரட்டரி கனைத்தார். சித்தி கன்னடத்தை விட்டு, தன் ஊரான கௌதள்ளியின் அசல் தமிழில், ரொம்பப் பணிவாகக் கேட்டாள்:

“ஏனுங்க சார், கேன் தானாவே அஞ்சாம் நம்பரை அமுக்கிக்குமுங்களா?”

அன்றிலிருந்து சித்தி இறங்கும்போதும் ஒரு காலிக் கேனை அணைத்துக்கொண்டுதான் லிஃப்டில் வருகிறாள், ஏனென்றால் வெயில் எல்லோருக்கும் பொது, லிஃப்டுக்கு மட்டும் கேன் வேண்டும்.