வயர்களைப் பிடுங்கிய அக்கா

சுபாங் ஜெயா அரங்கில் எனக்கு அன்று கடைசி நாள் கூலி வேலை; அங்கே வாசிக்க வந்த அக்காவின் சாமான்களை வேனில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். குழப்பம் தீரவில்லை.

மொட்டைத்தலை, கழுத்தில் மாலைபோல் வயர்கள். அவருடைய வாத்தியம் ஒரு பெட்டிதான். வயரை மாற்றிச் செருகினால் ஓசை மாறும். ஒத்திகையில் அருமையாக ஒலித்தது. கூட்டம் வருமுன் எல்லா வயரையும் பிடுங்கினார்.

“ஐயோ அக்கா, நல்லாத்தானே இருந்துச்சு?” என்றேன்.

“அதே வேணும்னா ரிக்கார்டு போடலாம் லா, பாஸ்.”

கூட்டம் கலைந்தால் இனி அழைப்பதில்லை என்று அரங்குக்காரர் முன்பே எச்சரித்திருந்தார். அக்கா மேடையில் ஒவ்வொரு வயராகச் செருகி ஓசை தேடினார். ஒத்திகை இசை திரும்பவேயில்லை. பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர் வெறிபிடித்தாற்போல் ஆடினார்கள்.

“இனிமே இந்தப் பக்கம் வராதம்மா,” என்றார் அரங்குக்காரர். அக்கா சிரித்துக்கொண்டே வயர்களைச் சுருட்டினார். தோற்றாரா, ஜெயித்தாரா? இன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை, பக்கத்து ஊரான ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஒரே திருகாணியை ஒரே இடத்தில் முடுக்கும் வேலை.