மூன்று நாற்பதுக்கு வந்த மாதேஷ்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இப்போதும் வெளியே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இது நடந்தது. போன வருஷம் ஐப்பசியில், தர்மபுரி டவுனில், வெயில் சுள்ளென்று அடித்த ஒரு சனிக்கிழமை மதியம்.

நான் குழந்தைகளுக்கான ஈரல் நோய் மருத்துவர். வேலை சென்னையில். மாதம் ஒரு சனிக்கிழமை தர்மபுரிக்கு வந்து ஒரு சின்ன கிளினிக்கில் உட்கார்ந்து பார்ப்பேன். அங்கே வந்தவள்தான் எழிலரசி. நான்கு வயது. பித்தம் இறங்கும் குழாய் சரியாக அமையாமல் பிறந்த குழந்தை. கண்ணெல்லாம் மஞ்சள். வயிறு உப்பி, கை கால் குச்சியாக இருக்கும். என்னைப் பார்த்தால் ஊசி என்று தெரிந்து, அழாமல் தானே கையை நீட்டுவாள். வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்ற நிலைமை.

அம்மா நிர்மலாதேவியின் ரத்த வகை பொருந்தவில்லை. அப்பா மாதேஷுக்குப் பொருந்தியது. பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர். ஆனால் அவருடைய ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது.

"எட்டு கிலோ குறைச்சிட்டு வாங்க. அப்புறம் உங்க ஈரல்ல ஒரு துண்டு எடுத்துப் பாப்பாவுக்கு வெச்சிடலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். இரண்டு மாதமாக மனுஷன் ராத்திரிச் சோறே தொடவில்லையாம். அன்றைக்குத்தான் அவருக்கு மறு ஸ்கேன்.

நிர்மலாதேவி குழந்தையோடு காலையிலேயே பஸ்ஸில் வந்துவிட்டாள். "அவரு மார்க்கெட்ல தக்காளி எறக்கிட்டு வண்டில வர்றேன்னாருங்க" என்று சொல்லி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

மணி 3:40. எழுதிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். எதிரே மாதேஷ் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்த சத்தம் கேட்டதாக நினைவில்லை.

"எளச்சிட்டனுங்களா டாக்டரம்மா?"

"நல்லாவே எளச்சிட்டீங்க. படுங்க."

அந்தக் கட்டில் ஒரு குழந்தை ஏறினாலே கிரீச்சென்று கத்தும். அவர் ஏறியபோது கத்தவில்லை. சட்டையைத் தூக்கிவிட்டு ஜெல் தடவினேன். அவர் உடம்பு தொட்டால் சில்லென்று இருந்தது. ஏசி கிடையாது அந்த அறையில். எனக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

திரையில் ஈரல் தெரிந்தது. அத்தனை சுத்தம். கொழுப்பே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாஸாயிட்டீங்க மாதேஷ்!"

அவர் சிரிக்கவில்லை.

"அப்ப எடுத்துக்குங்க."

"எடுக்கலாம். அடுத்த மாசம் சென்னைக்கு வாங்க."

"இல்லீங்க… இப்பவே எடுத்துக்குங்க. அப்புறம் ஆவாதுங்க."

பயப்படுகிறார் என்று நினைத்தேன். கடைசியாக ரத்த ஓட்டம் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தினால், ஓடுகிற ரத்தம் திரையில் சிவப்பும் நீலமுமாகத் தெரியும்.

அழுத்தினேன்.

ஒன்றும் தெரியவில்லை. வெறும் கறுப்பு.

மெஷின் கோளாறு என்று நினைத்து, கருவியை என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று சிவப்பு… நீலம்…

மறுபடி அவர் வயிற்றில் வைத்தேன்.

கறுப்பு.

கருவியை மேலே நகர்த்தி நெஞ்சில் வைத்தேன்.

இதயம் தெரிந்தது.

அசையவில்லை.

திரையின் மூலையில் மணி 3:52.

மெதுவாகத் திரும்பினேன். மாதேஷ் கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்க முடியாதுங்களா…?"

எத்தனையோ அப்பாக்களிடம் 'முடியாது' என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பஞ்சை எடுத்து அவர் வயிற்று ஜெல்லைத் துடைக்கப் போனேன்.

வெளியே போன் அடித்தது. ஒரு தடவை… இரண்டு தடவை…

பிறகு நிர்மலாதேவியின் அலறல்.

கதவுப் பக்கம் திரும்பினேன். ஒரு நொடிதான்.

கட்டில் காலி.

வெளியே ஓடினேன். நிர்மலாதேவி தரையில் கிடந்தாள். எழிலரசி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப உள்ள வந்தவரு எங்க?" என்று நர்ஸ் சாலம்மாளிடம் கேட்டேன்.

"யாரையுமே உள்ள அனுப்பலீங்களே மேடம். வாசல்லயேதான நிக்கறேன்."

பேசியது போலீஸ். மாதேஷின் பைக் பாலக்கோடு தாண்டி வழுக்கி விழுந்திருக்கிறது. தலையில் அடி. ஆம்புலன்சில் வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மணி 2:10.

எழிலரசிக்காக வேறு ஆள் தேடினோம். சித்தப்பாவுக்குச் சர்க்கரை. மாமனுக்கு ரத்தம் பொருந்தவில்லை. இறந்தவர்களின் உறுப்புக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். இருபத்தாறாம் நாள் அவள் போய்விட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வருஷம் படித்ததும் வைத்தியம் பார்த்ததும் அன்றைக்கு அதற்குத்தான் உதவியது.

தை மாதம் ஒரு போன் வந்தது.

"நான் ராஜாங்க. கரும்பு டிராக்டர் ஓட்டறவன். ரோட்டுல கெடந்த அந்த அண்ணனத் தூக்குனது நான்தானுங்க… மனசு கேக்கல, அதான் அடிக்கறேன்."

"சொல்லுங்க."

"வூட்டு நம்பரு கேட்டேன். சொல்லலீங்க. உங்க நம்பரத்தான் சொன்னாரு. 'டாக்டரம்மாவ வரச் சொல்லு, உசுரு இருக்கறப்பவே எடுத்துக்கச் சொல்லு'ன்னாரு. எதைன்னு எனக்கு அப்ப புரியலீங்க. மூணு தரம் அடிச்சேன். நீங்க எடுக்கலீங்க."

போனில் பழைய அழைப்புகளைத் தேடிப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை, அதே எண். 1:31. 1:34. 1:38. நோயாளி பார்க்கிற நேரம் என்று போனைச் சைலண்ட்டில் போட்டுக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். தெரியாத எண் என்று அப்புறம் திருப்பிக் கூப்பிடவும் இல்லை.

எடுத்திருந்தாலும், ரோட்டோரம் கிடப்பவரிடமிருந்து ஈரலை எடுத்து வைக்க யாராலும் முடியாது. அது எனக்குத் தெரியும்.

மாதேஷுக்குத் தெரியாது.