மதுவிடுதியில் அப்பாவின் நாற்காலி

புதினாவில் வினிகர் ஊற்றும் வாசனை எங்கே வந்தாலும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூனை அடுத்த இன்சீனில் ரயில்வே வெள்ளைக்காரர்களுக்காக, அவர்கள் ஊர்க் கிராமத்தில் இருப்பதுபோலவே கட்டப்பட்டு, பின்னால் யுத்தத்தில் இடிந்துபோன மதுவிடுதி நினைவுக்கு வருகிறது. கறுத்த உத்தரங்கள், பீர் ஊறிய மேஜைகள், வேர்த்துக் கொட்டும் ஊரில் ஒருநாளும் பற்றவைக்காத கணப்படுப்பு. அப்பா அங்கே பட்லர். ஞாயிறு மதியம் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு ஆட்டுத்தொடையும் அதற்குத் தொட்டுக்கொள்ளப் புதினா வினிகரும் பரிமாறுவார். பர்மாக்காரர்களின் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு விடுதியை மூடும் ஒருநாள் மட்டும் எங்கள் குடும்பம் அங்கே சாப்பிடலாம்; துரை கொடுத்த சலுகை.

ஒரு வருஷம் அன்றும் அப்பா வெள்ளைக் கோட்டோடு எங்களுக்குப் பின்னால்தான் நின்றார். கையால் சாப்பிட நினைத்த அம்மா, கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். வெள்ளைக்காரர்கள் அப்படி வைத்தால் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்பாவின் கை தானாக நீண்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாத தட்டை எடுத்துக்கொண்டது. சமையலறை வாசலில்தான் அவருக்கு உறைத்தது.

அம்மா எழுந்துபோய்த் தட்டை வாங்கி, காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"நீங்க உட்காருங்க. இன்னிக்கு நான் பரிமாறுறேன்."

அப்பா உட்கார்ந்தார், யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓட வசதியாக, நாற்காலியின் நுனியில்.